கம்மாய்க் குளியலுக்கு ஆரஞ்சு மிதவைப் பை: வாங்கலாமா, சுரைக்குடுக்கையே போதுமா?

கடலில் நீந்துகிறவர்கள் இடுப்பில் வார் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் ஆரஞ்சு நிறக் காற்றுப் பை இப்போது காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் கூரியரில் வந்து சேர்கிறது. விற்பவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் சாமான் ஒன்றுதான். மிதவைப் பை என்றே சொல்வோம். விலை ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி மூவாயிரம் வரை போகிறது. குளிர்நாட்டு ஏரிக்கும் கடலுக்கும் என்று செய்தது, கருவேல முள்ளும் தாமரைக் கொடியும் சவுடு மண் வெட்டிய பள்ளமும் உள்ள செட்டிநாட்டுக் கம்மாய்க்கு ஒத்துவருமா என்பதுதான் விஷயம்.

காத்திருக்க வைக்காமல் சொல்லிவிடுகிறோம். நீந்தத் தெரிந்தவர், மழை பெய்து நிறைந்த பெரிய கம்மாயில் மார்கழி, தை மாதங்களில் காலைக் குளியலுக்குப் போகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம். நீச்சல் பழகப் போகிற பிள்ளைக்கு என்றால் வேண்டாம். கிணற்றுக்கு என்றால் வேண்டவே வேண்டாம்.

ஏன் மார்கழி? வானம் பார்த்த பூமி இது. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கம்மாய் பெருகும். புதுத் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு டீ நிறத்தில் வரும். அது தெளிய இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும். மார்கழி பிறக்கும்போது தண்ணீரும் தெளிந்திருக்கும், வாடைக்காற்றும் வந்திருக்கும். மாசி முடிகிற வரை நீந்த நல்ல ஆழம் நிற்கும். பங்குனியில் வற்றத் தொடங்கிவிடும், சேறு கிளம்பும். அதற்குப் பிறகு ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு ஊரே மீன்பிடியில் இறங்குகிற காலம். அப்போது இடுப்பளவுத் தண்ணீரில் மிதவையைக் கட்டிக்கொண்டு நின்றால் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

மார்கழி விடியலில் கம்மாய்த் தண்ணீர் பெரும்பாலும் 23 முதல் 26 டிகிரிக்குள் இருக்கும். ஐரோப்பாக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் குளிர்நீர் என்று பேச்சையே எடுப்பார்கள். பின்லாந்தில் ஏரிமேல் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, அந்த ஓட்டைக்குள் இறங்குகிறார்கள். ஆனால் சும்மா மிதக்கிற உடம்பு சூட்டை இழக்காமல் இருக்க வேண்டுமானால் தண்ணீர் கிட்டத்தட்ட 33 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சித்திரை வெயிலில் பழுத்த நம் உடம்புக்கு 24 டிகிரியே தாராளமான குளிர்.

அந்தக் குளிரின் ருசி முதல் ஒரு நிமிடத்தில் இருக்கிறது. கணுக்கால் வரை ஒன்றும் தெரியாது. முழங்காலில் மயிர் சிலிர்க்கும். தண்ணீர் வயிற்றைத் தொடும்போது மூச்சு தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், நெஞ்சு படபடக்கும். முங்கி எழுந்தால் பிடரியில் ஊசி குத்தினாற்போல ஒரு சில்லிப்பு. அரை நிமிடம் நின்று மூச்சை மெதுவாக வெளியே விட்டால் படபடப்பு அடங்கும்; ஒன்றிரண்டு நிமிடத்தில் தோல் மரத்து, தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டதோ என்று தோன்றும். வெதுவெதுப்பாகவில்லை, உடம்பு பழகியிருக்கிறது, அவ்வளவுதான். கரையிலிருந்து ஓடிவந்து தொபுக்கென்று குதிக்கிறவர்களுக்கு இந்த மூச்சிழுப்பு தலை தண்ணீருக்குள் இருக்கும்போது வரும். ஒரு மடக்குத் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். அதனால் குளிர்காலத்தில் படியில் நின்று பிடரி, நெஞ்சு, முகம் மூன்றிலும் தண்ணீரை அள்ளித் தெளித்துக்கொண்டு இறங்குவதே முறை. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும். அதை எந்தப் பையும் ஈடுகட்டாது.

கிணற்றுக் கதை நேர்மாறு. நிலத்தடி நீர் வருஷம் முழுக்க ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும். அதனால்தான் மார்கழி விடியலில் கிணற்றில் ஆவி பறக்கிறது, சித்திரை மதியத்தில் அதே தண்ணீர் குளுகுளு என்று இருக்கிறது. கோடையில் கிணற்றின் மேல்மட்டம் ஒரு முழம் வெதுவெதுப்பாக இருக்கும். காலைக் கீழே நீட்டினால் சில்லென்று ஒரு அடுக்கு தட்டுப்படும். குளிர்நீர்க் குளியலுக்குக் கோடையில் கிணறு, வாடையில் கம்மாய் என்று பிரித்துக்கொள்வது சரி. மிதவைப் பை இரண்டாவதற்குத்தான்.

இனி பை. விரித்தால் இரண்டடி நீளத்தில் தலையணை உறை மாதிரி இருக்கும். நல்ல ரகத்தில் இரண்டு தனித்தனிக் காற்றறை, நடுவில் சாமான் வைக்கும் உலர் அறை. அந்த உலர் அறையின் வாய் சுருட்டி மடக்கிக் கொக்கி போடுவது. இடுப்பு வார், அதிலிருந்து பைக்குப் போகும் இழுவை வார், வாரில் பட்டென்று கழற்றும் பிளாஸ்டிக் பூட்டு, இவ்வளவுதான் உறுப்புகள். மலிவான ரகத்தில் காற்றறை ஒன்றுதான் இருக்கும். அதை ஒதுக்கிவிடுங்கள். இங்கே முள் குத்துவது எப்போதாவது நடக்கிற விபத்து இல்லை, எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. ஒரு அறை இறங்கினாலும் இன்னொன்று மிதக்க வேண்டும்.

துணியில் இரண்டு வகை. பிவிசி தடிமனாக, மழைக்கோட்டு வாசனையோடு வரும். வெயிலில் கிடந்து கிடந்து விறைத்து, மடிப்பில் வெடிக்கும். நைலான் துணிமேல் டிபியு என்ற பாலியூரிதேன் வகைப் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியது மெலிதாக, வாசனை இல்லாமல் இருக்கும், விலை கூட. கம்மாய்க்கு டிபியுவே மேல். முள்ளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் டிபியு மெலிதாக மடங்குவதால் சுருட்டும் வாய் நன்றாகப் படிந்து அடைக்கிறது. பிவிசியில் மடிப்பின் ஓரத்தில் ஒரு சின்னச் சந்து நின்றுவிடும், அது வழியாகத்தான் செல்போனுக்குத் தண்ணீர் போகிறது.

கொள்ளளவு 20 லிட்டர், 28 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். கணக்கு எளிது: ஒரு லிட்டர் காற்று ஒரு கிலோவைத் தூக்கும். ஆனால் அந்த 20 என்பது பெரும்பாலும் முழுப் பையின் அளவு. காற்றறை மட்டும் அதில் பாதிதான் இருக்கலாம், மீதி உலர் அறைக்குள் அடைபடும் காற்று. அப்படியே இருந்தாலும் கவலையில்லை. தண்ணீரில் கிடக்கிற மனிதனுக்குத் தலையை மட்டும் வெளியே வைத்திருக்க நாலைந்து கிலோ தூக்கல் போதும். கெண்டைக்காலில் குரக்குவலி பிடித்தால் பையை நெஞ்சுக்கு அடியில் இழுத்துப் போட்டு, கால் பெருவிரலைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு நிதானமாக மிதக்கலாம். இந்த ஒரு உபயோகத்துக்கே கொடுத்த காசு தீர்ந்துவிடும்.

நிறம் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வருகிறது. பச்சை இங்கே வெட்டி. அல்லி இலைக்கு நடுவில் காணாமல் போய்விடும். இளஞ்சிவப்பைப் பரிந்துரைக்காத ஊர் உலகத்திலேயே நம் ஊராகத்தான் இருக்கும்: தாமரை பூத்த கம்மாயில் கரையிலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு பூ. ஆரஞ்சே வாங்குங்கள்.

கட்டும் முறையில் பலர் தவறுவது வரிசையில். முதலில் காற்றறையை ஊதிவிட்டால் நடு அறை நசுங்கி, உள்ளே துண்டுகூடப் போகாது. சாமான்தான் முதலில். துண்டு, மாற்றுக் கைலி அல்லது நைட்டியை அடியில் வையுங்கள்; செல்போனும் வண்டிச் சாவியும் தனியாக ஒரு ஜிப் கவரில், துணிக்கு நடுவில். எடை ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். பை சாய்ந்து, ஒரு பக்கம் மட்டும் தண்ணீரில் அமுங்கும். வாயின் இரு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, உள்ளிருக்கும் காற்றைப் பாதி அமுக்கி வெளியேற்றி, இறுக்கமாக மூன்று சுருட்டு சுருட்டுங்கள். நாலாவது சுருட்டு போனால் இன்னும் நல்லது. கொக்கியை மாட்டுங்கள். இதற்குப் பிறகுதான் காற்றறை இரண்டையும் ஊத வேண்டும். வால்வை மூடுமுன் விரலால் அதன் கழுத்தைத் துடையுங்கள். எச்சிலோடு ஒரு மணல் துகள் ஒட்டினால் போதும், அரை மணியில் பை தொளதொளத்துவிடும்.

எவ்வளவு ஊதுவது? கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் குழிய வேண்டும். மத்தளம் மாதிரி ஊதினால் விடியலில் ஒன்றும் ஆகாது. எட்டு மணி வெயிலில் காரின் பின் கண்ணாடிக்கு அடியில் அப்படியே போட்டுவிட்டுப் பணியாரக் கடைக்குப் போனால், காற்று விரிந்து ஓரத்து ஒட்டு பிரிந்துவிடும். வீட்டுக்கூடத்தில் ஊதிக்கொண்டு போனால் இதன் மறுபக்கம்: குளிர்ந்த தண்ணீரில் காற்று சுருங்கிப் பை தளர்ந்தது போலத் தெரியும். ஓட்டை என்று பதறவேண்டாம். கரையில் நாலு ஊது ஊதினால் சரியாகும்.

இடுப்பு வாரை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, விரல் நுழையும் இறுக்கத்தில் கட்டுங்கள். பூட்டு முன்பக்கம் இருக்க வேண்டும், இழுவை வார் முதுகுப்பக்கம். கைலியோடு இறங்குவது நம் வழக்கம்; மிதவைப் பையோடு அது ஆகாது. ஈரக் கைலி பிரிந்து இழுவை வாரில் சுற்றினால் அவிழ்க்க இரண்டு கை வேண்டும், நீந்தக் கை இருக்காது. அரைக்கால் டவுசரே போதும். பெண்கள் சுடிதாரில் இறங்கினால் துப்பட்டாவைப் பைக்குள் வைத்துவிட்டு, டாப்ஸின் நுனியை வாருக்குள் சொருகிக்கொள்வது நல்லது.

இழுவை வாரின் நீளம்தான் இந்தச் சாமானில் முக்கியமான இடம். பை உங்கள் இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையில், தண்ணீர்மட்டத்தில் வர வேண்டும். நீளம் அதிகமானால் ஒவ்வொரு உதைக்கும் குதிகால் பையில் இடிக்கும். குறைந்தால் பிட்டத்தில் தொத்திக்கொண்டு தட்டிக்கொண்டே வரும். தவளை நீச்சல் அடிப்பவர்களுக்குக் கால் அகல விரிவதால் இன்னும் அரை சாண் குறைக்க வேண்டியிருக்கும். மிச்ச வாரைத் தொங்கவிடாதீர்கள், மடித்து ரப்பர் போடுங்கள். இங்கே தொங்குகிற எதுவும் தாமரைத் தண்டில் மாட்டும்.

சரியாகக் கட்டிவிட்டால் பை இழுப்பது தெரியவே தெரியாது. நூறு மீட்டருக்குப் பிறகு மறந்துபோகும். ஞாபகப்படுத்துவது காற்று மட்டும். வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். அதை எதிர்த்து நீந்தினால் பை பின்னால் ஒழுங்காக வரும். முதுகுக்குப் பின்னிருந்து அடித்தால் பை உங்களை முந்திக்கொண்டு வந்து தோளில் மோதும், கையை வீசும் இடத்தில் வந்து நிற்கும். இதற்கு மருந்து பையில் பாதிக் காற்றை விடுவதல்ல. நனைந்த துண்டு ஒன்றைத் தனி ஜிப் கவரில் போட்டு நடு அறையில் வைத்துக் கொஞ்சம் கனம் கூட்டுவது. முக்கியமாக, போகும்போது எதிர்க்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும்படி திசையை அமைத்துக்கொள்ளுங்கள். பலர் நேர்மாறாகச் செய்து நடுக்கம்மாயில் திணறுகிறார்கள்.

முள். நாட்டுக் கருவேலம் கம்மாய்க்குள்ளேயே வரிசையாக நிற்கும். சீமைக் கருவேலம் கரையிலும் காய்ந்த மூலைகளிலும் காடாகக் கிடக்கும். மழையில் தண்ணீர் ஏறியதும் கிளைகள் முங்கி, மட்டத்துக்கு ஒரு சாண் கீழே முள்ளோடு காத்துக்கொண்டிருக்கும். பை அதன்மேல் மிதந்து போய்விடும், இழுவை வார்தான் கொம்பில் மாட்டும். இழுத்துப் பார்க்காதீர்கள். பின்னோக்கி ஒரு எட்டு வந்து வாரைத் தளர்த்துங்கள், வரவில்லையென்றால் இடுப்புப் பூட்டை அமுக்கிக் கழற்றிவிட்டு ஒதுங்குங்கள். இதற்காகவே பூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் கழற்றக் கரையில் பத்துத் தடவை பழகியிருக்க வேண்டும். குளிரில் இருபது நிமிடம் கிடந்த விரல் சொன்னபடி கேட்காது. வாங்கும்போதும் இதைப் பாருங்கள்: பூட்டின் காது சின்னதாக இருந்தால் அந்தப் பை வேண்டாம்.

ஓட்டை விழுந்தால் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். சைக்கிள் டியூப் சொல்யூஷனும் ரப்பர் துண்டும் ரப்பருக்குத்தான் பிடிக்கும். இந்தத் துணியில் இரண்டு நாளில் உரிந்து வரும். பிவிசிக்கு வினைல் பசை, டிபியுவுக்குப் பாலியூரிதேன் பசை. ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். சுற்றி ஒரு அங்குலம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு பக்கமும் மெலிதாகப் பசை தடவி, ஐந்து நிமிடம் காயவிட்டு, ஒட்டித் தட்டையான கனத்தை ஏற்றி ஒரு நாள் வையுங்கள். அம்மிக்குழவி உருளும், ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்று போதும். ஓட்டை வால்வுக்குப் பக்கத்திலோ ஓரத்து ஒட்டிலோ இருந்தால் வீண் முயற்சி. அந்த அறையைக் கைவிட வேண்டியதுதான்.

இடத்துக்கு வருவோம், ஏனென்றால் பை காப்பாற்றாத இடங்கள் இருக்கின்றன. மடை திறந்திருக்கும்போது அதன் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. பழைய கம்மாய்களில் கரையிலிருந்து தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் ஜோடியாக நிற்கும், அது குமிழித்தூம்பு. கீழே ஓட்டை வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படும், மேலே அலைகூடத் தெரியாது. தூணைத் தொட்டுவிட்டு வருவது என்று இளவட்டங்கள் பந்தயம் கட்டுவது வழக்கம்; பையோடு போனாலும் இழுப்பு காலைத்தான் பிடிக்கும். "அண்ணே, மடை தொறந்திருக்கா?" என்று நீர்ப்பாய்ச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். கம்மாய் நிரம்பி மறுகால் பாய்கிற நாட்களில், உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்குப் பக்கமும் அப்படித்தான்.

சவுடுப் பள்ளம் இன்னொன்று. கோடையில் மண் வெட்டிய இடம் மழைக்குப் பிறகு மற்ற தரையைப் போலவே தெரியும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே போகிறவர் அடுத்த எட்டில் இரண்டாள் ஆழத்தில் இருப்பார். நீந்தத் தெரியாதவர்கள் கம்மாயில் இப்படி நடக்கும்போதே செத்துப்போவதுண்டு. கோடையிலேயே ஒரு நடை போய், காய்ந்த கம்மாயில் எங்கே பள்ளம், எங்கே கொம்பு என்று பார்த்து வைத்துக்கொள்வதற்கு இணையான பாதுகாப்புச் சாமான் எந்தக் கடையிலும் இல்லை.

மீன் குத்தகை விட்ட கம்மாயில் வலை கட்டியிருப்பார்கள். விடியலில் தெர்மாகோல் பலகையில் உட்கார்ந்து வலை எடுக்க வருகிறவர்களுக்கு ஆரஞ்சுப் பை நல்ல அடையாளம். உங்களுக்கு அவர்கள் வலையின் மிதவைக் கட்டைகள் அடையாளம். இருபது முழம் ஒதுங்கிப் போங்கள். பனி மூட்டம் மட்டத்தில் கிடக்கும்போது இருவருக்கும் ஒன்றும் தெரியாது. சூரியன் கிளம்பும் வரை பொறுங்கள்.

குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைப்பதே தப்பு. செம்புறாங்கல் படி கட்டி, சுற்றுச்சுவர் வைத்து ஊர் காத்துவரும் தண்ணீர் அது. குளிக்கும் ஊருணி தனி. அதிலும் பெண்கள் படித்துறை தனியாக இருந்தால் ஆண்கள் நீந்திக்கொண்டு அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நாகரிகம். கோயில் தெப்பக்குளங்களுக்கு இந்தப் பையை எடுத்துப் போகவேண்டாம். திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கம்மாய்கள் பறவைகள் சரணாலயம். பறவைகள் வந்து தங்குவதும் நீங்கள் நீந்த நினைக்கும் இதே மழைப் பருவத்தில்தான். பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காத ஊர்கள் அவை. அங்கே நீச்சல் பேச்சே கிடையாது.

தண்ணீரின் சுத்தம் பற்றிச் சுருக்கமாக. கனமழை ஓடிவந்த முதல் வாரத்தில் காலில் புண், கீறல் இருந்தால் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியில் வரும். மேலே பச்சைப் பெயின்ட் ஊற்றியது போலப் பாசி ஆடை கட்டியிருந்தால் அன்றைக்குக் குளியல் இல்லை. அட்டை ஒட்டினால் பிய்த்து இழுக்காமல் நகத்தைத் தோலோடு வைத்துத் தள்ளி எடுங்கள். கோடையில் சூடேறித் தேங்கிய குட்டையில் முங்கு நீச்சல் வேண்டாம். மூக்கு வழியாக ஏறும் அமீபா அரிதானது, ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து.

இப்போது பழைய சாமான்களோடு ஒப்பிடலாம். சுரைக்குடுக்கை: கொடியிலேயே முற்றிக் காய்ந்த பெரிய சுரைக்காய், விதை குலுங்கும் சத்தம் கேட்க வேண்டும். ஓட்டை போடாமல் முழுதாக வைத்துக்கொண்டால் கசிவுப் பிரச்சினையே இல்லை. நாலைந்து லிட்டர் இடம் அடைக்கிற காய் ஒன்று, பழகுகிற பிள்ளைக்குப் போதும். கழுத்தில் ஏறாதபடி அக்குளுக்குக் கீழே முதுகில் குறுக்காகக் கட்ட வேண்டும். இதன் பெருமை எதில் என்றால், பிள்ளையை முழுக்கத் தூக்கிவிடாது. முதுகைக் கொஞ்சம் தாங்கி, கை கால் அடித்தால்தான் வாய் வெளியே நிற்கும் என்று வைத்திருக்கும். அதனால்தான் சீக்கிரம் நீச்சல் வருகிறது. குறை, கல்படியில் ஒருமுறை தட்டினால் விரிசல். கம்மாயில் இறங்குமுன் விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மொதுமொது என்றால் தண்ணீர் ஏறியிருக்கிறது.

ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் சுரைக்காயின் இன்றைய வாரிசு. அதே தூக்கல், உடையாது, காசில்லை. மூடி தளர்வதுதான் வினை. உள்ளே ரப்பர் வாஷர் போட்டு, வெளியே எம்சீல் அப்பிவிடுங்கள். கைப்பிடியில் கயிற்றைக் கட்டாமல் உடம்பைச் சுற்றித் துண்டால் கட்டினால் நழுவாது. மிதவைப் பையின் இடத்தை இது பிடிக்காது என்பதற்கு ஒரே காரணம், இழுத்துக்கொண்டு நீந்தினால் தண்ணீரில் டமடமவென்று அடித்துக்கொண்டு வரும்.

லாரி டியூப் நாலு பேர் கும்மாளத்துக்கு. வால்வுக் குச்சி விலாவைக் கிழிக்கும், பழந்துணி சுற்றிக் கட்டுங்கள். சின்னப் பிள்ளையை ஓட்டைக்குள் உட்கார வைத்து விடாதீர்கள். பிட்டம் கீழே, கால் மேலே என்று இருக்கும்போது ஒரு அலை வந்தால் குப்புறக் கவிழ்ந்து, வெளியே வர வழி இல்லாமல் தலைகீழாக மாட்டும். டியூப்லெஸ் டயர் பெருகிவிட்டதால் நல்ல பழைய டியூப் கிடைப்பதும் குறைந்துவருகிறது.

நீந்தவே தெரியாதவர் தண்ணீருக்குள் வந்தாக வேண்டும் என்றால் இவை எதுவும் இல்லை, உயிர்காப்புச் சட்டைதான். மிதவைப் பையின் மேலேயே இது உயிர்காப்புச் சாதனம் அல்ல என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அது வக்கீல் வாசகம் இல்லை, உண்மை. மயக்கம் போட்டால் பை பின்னால் மிதக்கும், முகம் தண்ணீருக்குள் கிடக்கும். கூட இன்னொருவர் கரையில் இருந்தால், அந்த ஆரஞ்சுப் புள்ளி அசையாமல் நிற்பதை அவர் பார்ப்பார். பையின் வேலை அதுதான், பார்க்க ஆள் வேண்டும்.

கிணற்றுக்கு ஏன் கூடாது என்றால், இருபதடி அகலத்தில் இழுத்துக்கொண்டு போக இடமில்லை. மேலிருந்து குதிக்கிறவன் பைமேல் விழுந்தால் கணுக்கால் பிசகும். இழுவை வார் மோட்டார் குழாயிலும் படிக்கல்லிலும் மாட்டும். கிணற்றுக்குச் சிறந்த சாமான் கைப்பிடிக் கனமுள்ள ஒரு கயிறு, மேலே மரத்திலோ துலாக்கல்லிலோ கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனி தண்ணீருக்குள் கிடக்க வேண்டும். வெகுகாலம் யாரும் இறங்காத பாழ்கிணறு என்றால் கயிறும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்; அடியில் பிராணவாயு இல்லாமல் இருக்கலாம்.

யாராவது தத்தளித்தால் பை நன்றாக உதவும். இடுப்பிலிருந்து கழற்றி, வாரின் நுனியை நீங்கள் பிடித்துக்கொண்டு பையை அவர் பக்கம் தள்ளுங்கள். அவர் பையைக் கட்டிக்கொள்ளட்டும், உங்கள் கழுத்தை அல்ல. ஒரு சின்ன விசிலை இடுப்பு வாரில் கட்டி வையுங்கள். கம்மாயில் கூப்பாடு போட்டால் கரைக்குக் கேட்கும் என்று நினைப்பது வாடைக்காற்று இல்லாத நாளுக்குச் சரி. பைக்குள் இருக்கிற செல்போனில் 108.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். பழகியவர்களும் பல் தந்தியடிக்கக் காத்திருக்காமல், விரல் நுனி திரைந்து வெளுக்கும்போதே கரை ஏறிவிட வேண்டும். ஏறிய பிறகும் சில நிமிடம் உடம்பு குளிர்ந்துகொண்டே போகும். தண்ணீரில் நடுங்காதவர் கரையில் நடுங்குவது அதனால்தான். இங்கேதான் மிதவைப் பை மற்ற எல்லாவற்றையும் அடித்துப்போடுகிறது: எந்தக் கரையில் ஏறினாலும் காய்ந்த துண்டும் துணியும் கூடவே வந்திருக்கும். தலையை முதலில் துவட்டி, மேல்சட்டை போட்டு, பிறகு கீழே மாற்றுங்கள். நனைந்த துணியோடு பைக் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவதுதான் மார்கழியிலேயே பெரிய குளிர். தண்ணீர் செய்யாததைக் காற்று செய்துவிடும். ஒரு சின்ன பிளாஸ்க்கில் சுக்குமல்லிக் காபி வைத்துக்கொள்ள 28 லிட்டர்ப் பையில் இடம் இருக்கிறது, 20இல் இல்லை. நாங்கள் பெரியதைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் வாய் திறந்து தொங்கவிடுங்கள். கொடியில் வெயிலில் போட்டால் இரண்டு சீசனில் ஆரஞ்சு வெளிறிப்போய் வாழைப்பழ நிறத்துக்கு வந்துவிடும். சித்திரை வந்ததும் வால்வைத் திறந்து, உள்ளே முகப்பவுடர் கொஞ்சம் தூவி, மடிக்காமல் உருட்டிப் பீரோவின் அடித்தட்டில் வையுங்கள். எலிக்கு இந்தத் துணி ரொம்பப் பிடிக்கும், பரணில் போடாதீர்கள்.